சூடானதும் தூக்காத லிஃப்ட்: பம்பில் கை வைப்பதற்கு முன்

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 45 குதிரைத்திறன் டிராக்டர், ஒன்பது வருடம் ஓடியது, எண்ணெயைத் தள்ளும் கியர் பம்பு எஞ்சினோடு பொருத்தியது. பின்னால் மாட்டிய கருவியை எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட், காலையில் ரொட்டவேட்டரைச் சட்டென்று தூக்குகிறது. சேற்றுழவில் இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு வரப்போரம் திரும்பும்போது லீவரை மேலே தள்ளினாலும் எழ மறுக்கிறது. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மெல்ல எழுகிறது. ஒரு மெக்கானிக் பம்பை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் ரிலீஃப் வால்வு (அழுத்தம் எல்லை மீறினால் எண்ணெயைத் திறந்துவிடும் வால்வு) ஸ்பிரிங்குக்கு ஒரு வாஷர் வைத்தால் போதும் என்கிறார். பக்கத்து வயல்காரர் 90 நம்பர் கெட்டி கியர் எண்ணெய் ஊற்றச் சொல்கிறார். மூவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணெய் எந்த இடத்தில் அழுத்தத்தை விடுகிறது, அதைப் பெரிதாக எதையும் கழற்றாமல் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி. பெரும்பாலும் முடியும். டிராக்டர் பட்டறையில் ஹைட்ராலிக் வேலையே பல வருடமாகப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறிகளும் சேர்ந்தே பாதி வேலையை முடித்துவிடுகின்றன. குளிரில் நன்றாகத் தூக்கி, சூட்டில் தளர்ந்தால் அது உட்கசிவு, அதாவது எண்ணெய் வெளியே சொட்டாமல் உள்ளுக்குள்ளேயே கசிவது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காலையில் மந்தமாக, சத்தத்தோடு தூக்கி, சூடானதும் சரியாகிவிட்டால் அது வேறு கதை: உறிஞ்சும் பக்கம் அடைப்பு, ஃபில்டர் அழுக்கு, அல்லது தேவைக்கு மேல் கெட்டியான எண்ணெய். உங்களுடையது முதல் வகை. கடையில் 68 என்று எழுதிய ஹைட்ராலிக் எண்ணெய் இருக்கிறதே, அந்த 68 என்பது 40 டிகிரியில் அதன் பாகுத்தன்மை. அதே எண்ணெய் 100 டிகிரிக்குப் போனால் பாகுத்தன்மை 9-க்கும் கீழே வந்துவிடும். அதாவது ஏழெட்டு மடங்கு இளகிவிடும். இடைவெளி வழியாகக் கசியும் அளவு, எண்ணெய் இளக இளக அதே விகிதத்தில் கூடும். உங்கள் எண்ணெய் 100 டிகிரிக்குப் போகாது, 70, 80 போகலாம், அதுவே போதும்.

ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஏன் தூக்குகிறது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். கசிவின் அளவை அழுத்தமும் சூடும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. எஞ்சின் வேகத்துக்கு அதில் பெரிய பங்கு இல்லை. பம்பு தரும் எண்ணெயோ வேகத்தோடு கூடும். ஒரு கணக்குக்கு, ஒரு சுற்றுக்கு 16 சிசி தரும் பம்பு எஞ்சின் வேகத்திலேயே சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐடிலிங்கில் 700 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு 11 லிட்டர் சொச்சம், 2000 ஆர்பிஎம்மில் 32 லிட்டர். சூட்டில் 9 லிட்டர் கசிகிறது என்றால் ஐடிலிங்கில் தூக்குவதற்கு மிச்சம் 2 லிட்டர்தான். வேகத்தில் 23 லிட்டர் மிஞ்சும். குளிரில் கசிவே ஒரு லிட்டருக்குள் அடங்கிவிடுவதால் காலையில் உங்களுக்கு எதுவும் தெரிவதில்லை.

ஆக, வாஷர் யோசனையை இப்போதே தள்ளிவிடலாம். ரிலீஃப் வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அது குளிரிலும் தளர்ந்துதான் இருக்கும், காலையிலேயே தூக்காது. வால்வின் இருக்கையில் கீறல் விழுந்து கசிந்தால் சூட்டில் மோசமாகும் என்பது உண்மை, ஆனால் அதற்கும் வாஷர் மருந்தாகாது. ஆபத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். லிஃப்டைத் தூக்கும் ராம் சிலிண்டரின் விட்டம் 90 மில்லிமீட்டர் என்றால் 180 பார் அழுத்தத்தில் பிஸ்டன் மேல் விழும் விசை 11 டன்னுக்கு மேல். வாஷர் வைத்து 240 பாருக்கு ஏற்றினால் 15 டன்னைத் தாண்டும். அதைத் தாங்க வேண்டியது வார்ப்பு இரும்பில் செய்த லிஃப்ட் கவர். அது விரிசல் விட்டால் பம்பின் விலையைப் போலப் பல மடங்கு செலவு. வாஷர் வைத்த மறுநாள் நன்றாகத் தூக்கும் என்பதுதான் இந்த வைத்தியத்தின் கெடுதலே. வைத்தவருக்கு நல்ல பெயர் கிடைத்துவிடும், உடையும்போது யாருக்கும் அந்த வாஷர் ஞாபகம் வராது.

இப்போது கசிவு எங்கே என்பதற்கு வருவோம். ஒரு ரூபாய் செலவில்லாத சோதனையில் தொடங்குங்கள். சேற்றில் ஓடி எண்ணெய் நன்றாகச் சூடேறிய நிலையில், சமதளத்தில் டிராக்டரை நிறுத்தி, வேகம் கொடுத்து ரொட்டவேட்டரை மேலே தூக்குங்கள். லீவரை மேலேயே விட்டுவிட்டு எஞ்சினை அணைத்துவிடுங்கள். ரொட்டவேட்டர் மாட்டியிருக்கும் கீழ் லிங்க் முனை தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். அளக்கும்போது பக்கவாட்டில் நின்று அளக்க வேண்டும். ரொட்டவேட்டருக்கு அடியில் தலையோ கையோ போகவே கூடாது. சரசரவென்று இறங்கிவிட்டால் கசிவு சுமையைத் தாங்கும் பக்கத்தில் இருக்கிறது: ராம் பிஸ்டனின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), சிலிண்டர் சுவரில் கீறல், இறக்கும் வால்வு, அல்லது எண்ணெயைத் திரும்ப விடாமல் பிடிக்கும் செக் வால்வு. அப்படியானால் புது பம்பு போட்டும் பணம் வீண். எஞ்சின் ஓடும்போது லீவரைத் தொடாமலே லிஃப்ட் கைகள் கொஞ்சம் இறங்கி, மறுபடி எழுந்து, மறுபடி இறங்கித் தலையாட்டிக்கொண்டே இருந்தாலும் அதே பக்கம்தான் காரணம்.

அசையாமல் அப்படியே நின்றால் ராம் பக்கம் நல்லபடியாக இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். கசிவு அதற்கு முன்னால்: பம்பு, ரிலீஃப் வால்வு, கன்ட்ரோல் வால்வு, அல்லது பம்பிலிருந்து வரும் டெலிவரி குழாய் ஹவுசிங்கில் (எண்ணெய் நிற்கும் பின்பக்க இரும்புக் கூட்டில்) நுழையும் இடத்து ஓ-ரிங். கடைசியில் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த ஓ-ரிங் உள்பக்கமாகக் கசிந்தால் எண்ணெய் வெளியே சொட்டாது, உள்ளேயே தொட்டியில் விழுந்துவிடும்; வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் காய்ந்து சுத்தமாக இருக்கும். அழுத்தம் மட்டும் ஏறாது. பம்புக்கு ஆகும் செலவோடு பார்த்தால் ஓ-ரிங்கின் விலை ஒன்றுமே இல்லை. அதனால் பம்பைத் தொடுவதற்கு முன் அந்தக் குழாயைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பிரஷர் கேஜ். டிப்பர் டிரெய்லருக்கு எண்ணெய் எடுக்கும் துளையில் 0 முதல் 250 பாருக்குக் குறையாத கேஜை மாட்ட வேண்டும். கம்ப்ரஸர் காற்றுக்கு வைக்கும் கேஜ் வெடித்துவிடும். மாட்டும் முன் கருவியைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, லீவரை இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆட்டி அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். எண்ணெய் சூடாக இருக்கும்போதே பாருங்கள். குளிரில் எடுத்த அளவு உங்கள் விஷயத்தில் எதையும் சொல்லாது. இந்தச் சோதனையைக் காலையில் எடுத்துவிட்டு "பிரஷர் சரியா இருக்கு" என்று அனுப்பிவைக்கும் பட்டறைகளும் உண்டு. ஐடிலிங்கில் ஒன்று, 1500 ஆர்பிஎம்மில் ஒன்று என இரண்டு அளவு எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு வர வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். ஐடிலிங்கில் மிகக் குறைவாகவும் வேகத்தில் கையேட்டு அளவுக்குப் பக்கத்திலும் வந்தால் கசிவு உறுதி. லிஃப்டுக்குப் போகும் எண்ணெயை அடைத்து வெளியே மட்டும் அனுப்பும் குமிழ் உங்கள் டிராக்டரில் இருந்தால், அதை அடைத்துவிட்டும் ஒருமுறை பாருங்கள். அப்போது அழுத்தம் முழுதாக ஏறினால் பம்பு நிரபராதி.

இதோடு ஃபில்டரையும் திறந்து பார்க்கச் சொல்வேன். உறிஞ்சு ஃபில்டரின் சல்லடையில் என்ன சிக்கியிருக்கிறது என்பது நிறையச் சொல்லும். பித்தளை நிறத்தில் மினுமினுக்கும் தூள் என்றால் புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் வளையம்) தேய்கிறது. வெள்ளி நிறத்தில், காந்தத்தில் ஒட்டாத தூள் என்றால் அலுமினியம், அநேகமாகப் பம்பின் உடல். கியர் பம்பில் அழுத்தம் இரண்டு பற்சக்கரங்களையும் உறிஞ்சும் பக்கமாகவே தள்ளிக்கொண்டிருக்கும். புஷ் தேய்ந்ததும் பற்கள் அந்தப் பக்கத்துச் சுவரைச் சுரண்டத் தொடங்கும். காந்தத்தில் ஒட்டும் மெல்லிய துகள் கொஞ்சம் இருப்பது ஒன்பது வருட டிராக்டரில் சாதாரணம். கருப்பு ரப்பர் துணுக்கு என்றால் ஏதோ ஒரு ஓ-ரிங் போய்விட்டது. சல்லடையை டீசலில் கழுவி, காற்றடித்துக் காய வையுங்கள். பனியன் வேஸ்ட் வைத்துத் துடைக்காதீர்கள். ஒரு நூல் போதும், வால்வில் போய் மாட்டிக்கொள்ளும்.

எஞ்சினோடு பொருத்திய பம்பு என்பதால் எஞ்சின் ஆயில் ஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்கள். எஞ்சின் ஆயில் அளவு தானாகக் கூடியிருந்தால் பம்பின் ஷாஃப்ட் சீல் போய், ஹைட்ராலிக் எண்ணெய் எஞ்சினுக்குள் இறங்குவதாக இருக்கலாம். டீசல் கலந்தாலும் அளவு கூடும், வாசனையில் தெரியும். இரண்டில் எதுவானாலும் அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது. உங்கள் டிராக்டருக்குப் பொருந்தாது என்றாலும் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று: மாசி ஃபெர்குசன் 1035 போன்ற வண்டிகளில் இது வேறு அமைப்பு. பம்பு பின் ஹவுசிங்குக்குள் எண்ணெயில் மூழ்கி, பி.டி.ஓ. ஷாஃப்ட் (பின்னால் மாட்டும் கருவிக்குச் சுழற்சி தரும் தண்டு) வழியாக ஓடும். கழற்றுவது பெரிய வேலை. அங்கே சோதனை இன்னும் முக்கியம்.

இப்போது 90 நம்பர் எண்ணெய். பக்கத்து வயல்காரர் பொய் சொல்லவில்லை, ஊற்றினால் கொஞ்ச நாள் தூக்கும். கெட்டி எண்ணெய் குறைவாகக் கசியும், அவ்வளவுதான். ஆனால் காலையில் அதை உறிஞ்சப் பம்பு திணறும். எண்ணெயில் குமிழி உண்டாகி, அது வெடித்து வெடித்து உலோகத்தை அரிக்கும். ஏற்கெனவே தேய்ந்த பம்பு இன்னும் வேகமாகத் தேயும். உங்கள் டிராக்டரில் பிரேக்கும் அதே எண்ணெயில் மூழ்கியிருக்கும் வகை என்றால் சிக்கல் இரட்டிப்பு. அந்த பிரேக்குக்கென்றே சேர்மானம் உள்ள எண்ணெய் வேண்டும். சாதாரண கியர் ஆயிலில் பிரேக் கீச்சிடும், பிடிமானமும் மாறும். சில பழைய மாடல்களுக்குக் கையேடே கெட்டி எண்ணெயைச் சொல்லியிருந்தால் அதையே ஊற்ற வேண்டியதுதான். கையேட்டில் உள்ள தரத்தைப் பாருங்கள், கடைக்காரர் சொல்லும் நம்பரை விடுங்கள்.

சரி, பம்பு ஏன் தேய்ந்தது? இதைக் கேட்காமல் புதுசு போட்டால் அதுவும் சீக்கிரம் போகும். கசிவு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடும் என்பது கணக்கு: இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. அதனால்தான் "போன வருஷம் நல்லாத்தானே இருந்தது" என்ற பேச்சு வருகிறது. தேய்மானம் மெதுவாகத்தான் நடக்கும், விளைவு மட்டும் திடீரென்று தெரியும். சேற்றுழவு ஓட்டும் வண்டியில் நான் முதலில் சந்தேகிப்பது தண்ணீரை. ஆழமான சேற்றில் அச்சு முங்க ஓடும்போது ஆக்ஸில் சீல் வழியாகவும், சூடான ஹவுசிங் குளிர்ந்த நீரில் சட்டென்று ஆறும்போது பிரீதர் (காற்றுத் துளை), கியர் லீவர் ரப்பர் வழியாகவும் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். எண்ணெய் பால் டீ நிறத்துக்கு மாறியிருந்தால் பார்த்ததும் தெரிந்துவிடும். கொஞ்சமாகக் கலந்திருந்தால் தெரியாது. அதற்கு ஒரு பழைய இரும்புத் தட்டை வெளியில் வைத்து நன்றாகச் சூடாக்கி, அதில் ஒரு சொட்டு எண்ணெயை விடுங்கள். படபடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. முகத்தைத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். இன்னொரு வழி, கண்ணாடி பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க அசையாமல் வைப்பது. தனித்து நிற்கும் நீர் அடியில் இறங்கிவிடும்.

உங்களிடம் டிப்பர் டிரெய்லர் இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். டிப்பர் ஹோஸின் கப்ளரை மணலில் போட்டு, துடைக்காமல் மாட்டினால் அந்த மணல் நேராக டிராக்டர் எண்ணெய்க்குள் வரும். இன்னொன்று எண்ணெய் அளவு. 100 மில்லிமீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள டிப்பர் சிலிண்டர் முழுதாக நீண்டால் ஏறக்குறைய 8 லிட்டர் எண்ணெயை எடுத்துக்கொள்ளும். ஸ்டிக்கின் கீழ்க்கோட்டில் இருக்கும் வண்டியில் அந்த 8 லிட்டர் வெளியே போனால் உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கும். எண்ணெய் நுரைக்கும், பம்பு கரகரவென்று கத்தும்.

எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடேறுகிறதா என்பதையும் கவனியுங்கள். ஹவுசிங்கில் கை வைத்தால் ஒரு நொடிகூடத் தாங்கவில்லை என்றால் 60 டிகிரியைத் தாண்டியிருக்கும். உழவில் அது இயல்புதான். ஆனால் ரொட்டவேட்டர் முழுதாக எழுந்த பிறகும் ரிலீஃப் வால்வு கீச்சென்று இரைந்துகொண்டே இருந்தால், உயர எல்லையை நிறுத்தும் அமைப்பு தவறாக இருக்கிறது. லிஃப்ட் கைகள் மேல் முட்டில் முட்டி நிற்க, பம்பு முழு அழுத்தத்தில் எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. 180 பாரில் நிமிடத்துக்கு 20 லிட்டர் அப்படிப் போனால் 6 கிலோவாட், அதாவது சுமார் 8 குதிரைத்திறன், முழுவதும் வெப்பமாகி எண்ணெய்க்குள் போகிறது. லீவரை ஒரு விரல் அளவு கீழே இறக்கினால் சத்தம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பாதிச் சூடு அங்கிருந்துதான் வருகிறது. அந்த எல்லையைச் சரி செய்ய அரை மணி நேரம் போதும். ரொட்டவேட்டருக்கு, உயரத்தை வைத்துப் பிடிக்கும் பொசிஷன் லீவரை மட்டும் பயன்படுத்துங்கள். இழுவைக்கு ஏற்ப உயரத்தை மாற்றும் டிராஃப்ட் லீவர் கலப்பைக்கு.

நிச்சயம் எது, ஊகம் எது என்று பிரித்துவிடுகிறேன். உட்கசிவு நிச்சயம். வாஷரும் 90 எண்ணெயும் தீர்வல்ல என்பது நிச்சயம். கசிவு பம்பில்தான் என்பது ஊகம். சேற்றுழவு வண்டி, ஒன்பது வருடம் என்று கேட்டதும் எனக்கும் பம்பு என்றுதான் தோன்றுகிறது, ஆனால் ராம் ஓ-ரிங்கும் டெலிவரி ஓ-ரிங்கும் இதே அறிகுறியைக் காட்டும். அதேபோல் ரிலீஃப் வால்வு இருக்கையின் கசிவையும் பம்பின் கசிவையும் கேஜ் மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அதற்கு எண்ணெய் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோ மீட்டர் உள்ள ஹைட்ராலிக் கடைக்குப் பம்பைக் கொண்டுபோய் சூடான எண்ணெயில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வண்டியைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது குறி சொல்வதாகிவிடும்.

பம்புதான் என்று உறுதியானால் சீல் கிட் மட்டும் மாற்றி ஒப்பேற்றப் பார்க்காதீர்கள். சீல் மாற்றினால் உலோகத்தின் தேய்மானம் போய்விடாது. புதுப் பம்பு வாங்கும்போது சுற்றும் திசையைப் பாருங்கள்; கியர் பம்பு இடச்சுற்று, வலச்சுற்று என்று தனித்தனியாக வரும், வெளியில் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். எண்ணெய் முழுவதையும் வடித்து, ஹவுசிங் அடியைக் கழுவி, ஃபில்டரையும் மாற்றிய பிறகே பொருத்துங்கள். உறிஞ்சு குழாய் முகத்தில் சிலிகான் பசையை அப்பினால் பிதுங்கிய பசை உள்ளே போய் மாட்டும். நல்ல பேக்கிங், ஓ-ரிங் போதும். பம்புக்குள் எண்ணெய் நிரப்பிவிட்டு ஸ்டார்ட் செய்து, சில நிமிடம் ஐடிலிங்கிலேயே சுமையில்லாமல் லீவரை மேலும் கீழும் மெதுவாக ஆட்டி, காற்று போன பிறகு வேலைக்கு எடுங்கள்.

வேலை செய்யும்போது ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் ஹோஸில் ஊசித்துளை அளவு ஓட்டை இருந்தாலும் அதிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். விரலால் தடவிக் கசிவு தேடுவது பட்டறைகளில் சகஜம், ஆனால் அது விரலையே எடுக்கும் அளவுக்குப் போகக்கூடிய காயம். ஒரு அட்டையை நீட்டிப் பாருங்கள். அப்படி எண்ணெய் உள்ளே போய்விட்டால் வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. தாமதிக்காமல் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், அழுத்த எண்ணெய் உள்ளே ஏறியது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ரொட்டவேட்டர் பிளேடு மாற்றும்போதும் லிஃப்டை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள், உங்கள் லிஃப்ட் இப்போது இருக்கும் நிலையில் நிச்சயமாக வேண்டாம். தடிமனான மரக்கட்டை முட்டுக் கொடுத்து, பி.டி.ஓ.வை விடுவித்து, எஞ்சினை அணைத்த பிறகு கை வையுங்கள்.

இந்த வாரம் உழவு நிற்க முடியாது என்றால், திரும்பும்போது வேகம் கொடுத்துத் தூக்கி இந்த நடவு முடியும்வரை ஓட்டிவிடலாம். எண்ணெயில் தண்ணீர் இல்லாமலும் பம்பு கத்தாமலும் இருந்தால் மட்டும். தண்ணீர் இருந்தால் முதலில் எண்ணெயை மாற்றுங்கள். சோதனை முடிந்ததும் டிராக்டர் மாடல், சூட்டில் எடுத்த இரண்டு பிரஷர் அளவு, 15 நிமிடத்தில் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது, சல்லடையில் என்ன கிடைத்தது என்ற விவரங்களை எழுதுங்கள். அதை வைத்துப் பம்பா ராமா என்று இன்னும் திட்டமாகச் சொல்கிறேன்.